மாமன் மாட்டிய கண்ணாடி

“கண்ணாடி மாட்டுனா எச்சி படாது, சரி. ஊர்க் கண்ணு படாதா அம்மணி?”

என் தாய்மாமன் இப்படிக் கேட்டபோது எங்கள் வாசலில் நின்று என் மோட்டார் சைக்கிளின் டேங்கைத் தட்டிக்கொண்டிருந்தார், சந்தையில் மாட்டின் முதுகைத் தட்டுகிற மாதிரி. அப்போதுதான் முகம் கழுவிவிட்டு வந்திருந்தேன். அன்று எத்தனையாவது தடவை கழுவினேன் என்று எனக்கே தெரியாது.

வண்டி என் அண்ணனுடையது. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியில் அவனுக்கு வேலை. வருஷத்தில் பெரும்பகுதி வடக்கே எங்காவது இருப்பான். அப்படிப் போன இடத்தில் வாங்கி, லாரியின் பின்னால் படுக்கவைத்துக் கட்டிக் கொண்டுவந்தான். பழைய மாடல். உருண்டை விளக்கு, மாங்காய் வடிவ டேங்க், உதைத்தால் ஊரே திரும்பிப் பார்க்கும் சத்தம். கூடவே எனக்கு ஒரு சுடிதார் துணியும் கொண்டுவந்தான். எங்கள் ஊரில் அந்த உடுப்பை யாரும் போட்டதில்லை. எனக்கு ராசிபுரம் பக்கத்து நடுநிலைப்பள்ளி ஒன்றில் ஆசிரியை வேலை கிடைத்த வருஷம் அது. ஆட்டையாம்பட்டிக்கு அருகிலுள்ள எங்கள் ஊரிலிருந்து காலை பஸ் பிடித்தால் பிரார்த்தனை மணி அடித்த பிறகுதான் போய்ச் சேர முடியும். தலைமையாசிரியர் கடிகாரத்தைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், மீண்டும் கடிகாரத்தைப் பார்ப்பார். அண்ணன் ஒரு மாதம் ஊரில் தங்கி எனக்கு வண்டி ஓட்டப் பழக்கிவிட்டு, சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துப் படி ஏறிய முதல் ஆள் நான். படித்தேன், பயிற்சி முடித்தேன், வேலை வாங்கினேன். இதில் எனக்குக் கர்வம் உண்டு. இல்லை என்று சொல்லிப் பணிவு காட்டுவது எனக்குப் பிடிக்காது.

ஆனால் அந்தச் சாலை கர்வத்தையெல்லாம் பார்க்காது. முதலில் கோழிப்பண்ணைகள் வரும். ஈக்கள் கூட்டமாகச் சாலையைக் கடக்கும். வாயை மூடியிருந்தால் மூக்கில் நுழையும், மூக்கைச் சுருக்கினால் கண்ணில் அடிக்கும். ஒருநாள் ஒன்று தொண்டைவரை போய்விட்டது. வண்டியை ஓரங்கட்டிக் குமட்டினேன். அதை அடுத்து ஜவ்வரிசி ஆலைகள். மரவள்ளிக் கிழங்கை அரைத்து மாவு எடுத்தபின் மிஞ்சும் சக்கையைத் திப்பி என்பார்கள். அதைச் சாலையோரம் பரப்பிக் காயவைப்பார்கள். புளித்த வாடையோடு அது பறந்து உதட்டில் ஒட்டும். இதையெல்லாம்கூடச் சகித்துக்கொண்டேன். சகிக்க முடியாமல் போனது எதிரே வரும் பஸ்களிலிருந்து துப்பும் மனிதர்களைத்தான். ஜன்னலுக்கு வெளியே ஓர் உலகம் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. வாய் நிறைந்ததும் தலையை நீட்டுவார்கள், அவ்வளவுதான்.

தை மாதத்தில் ஒருநாள் அது என் முகத்தில் முழுதாக விழுந்தது. வெற்றிலையும் புகையிலையும் கலந்த எச்சில். இளஞ்சூடாக இருந்தது. அந்தச் சூடு இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் ஊர்கிறது. பள்ளியின் அடிபம்பில் பிள்ளைகள் பார்க்க முகத்தைத் தேய்த்தேன். தலைமையாசிரியர் வெளியே வந்து, “ஒதுங்கிப் போயிருக்கலாமே டீச்சர்” என்றார். துப்பியவனை அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அன்று மாலை சிவப்புக் கறையோடு வந்து நின்ற என்னைப் பார்த்து அப்பா கலங்கிவிட்டார். “இப்படி அசிங்கப்பட்டு ஒரு வேலைக்குப் போவோணுமா சாமி? ஒண்ணு, மொகத்துக்கு ஒரு மறைப்பைப் போடு. இல்லீன்னா வண்டிய வித்துரச் சொல்லி உங்கண்ணனுக்குச் சொல்லி உடறேன்.” வண்டி போனால் நேரத்துக்குப் போக முடியாது. நேரத்துக்குப் போகாவிட்டால் வேலை நிலைக்காது. வேலை போனால் அடுத்து என்ன என்று எங்கள் ஊரில் எந்தப் பெண்ணுக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆக, எனக்கு ஒரு முன்கண்ணாடி வேண்டும்.

எப்படிப்பட்ட கண்ணாடி என்று நானே கண்டுபிடிக்க நினைத்தேன். பழைய காலண்டர் அட்டைகளை வேறு வேறு உயரத்தில் வெட்டி, வந்து விழுவதெல்லாம் ஒட்டிக்கொள்ளட்டும் என்று ஆமணக்கெண்ணெய் தடவி, விளக்குக்கு மேல் கயிற்றால் கட்டிக்கொண்டு கோழிப்பண்ணைப் பக்கம் ஓட்டிப்போய் வந்தேன். அப்பா சிரித்தார். “என்ன சாமி, வண்டிக்கு எண்ணெய் தேச்சுத் தண்ணி வாக்கப்போறியா?” திரும்பி வந்த அட்டைகளைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு நின்றது. ஈயும் இறகும் திப்பித் தூளும் அப்பிக் கிடந்தன. இத்தனையும் தினமும் என் மேல்தானே விழுந்திருக்கிறது!

ஆனால் ஒன்று தெரிந்தது. உயரமான அட்டையை நேராக நிறுத்தினால் வண்டி தள்ளாடியது. தாழ்வான அட்டையைச் சற்றே பின்னால் சாய்த்துக் கட்டினால், அது மார்பளவே இருந்தாலும் காற்றை மேலே தூக்கி விட்டது. ஈயும் தூசியும் என் தலைக்கு மேலே போயின. முகத்துக்கு வெறும் காற்றுதான் வந்தது. வேண்டியது சின்னக் கண்ணாடி; நிறமில்லாதது; மேல்விளிம்புக்கு மேலாகச் சாலை தெரிய வேண்டும். முடிவு செய்துவிட்டேன்.

சேலத்தில் வண்டிச் சாமான்கள் விற்கும் கடைக்கு மாமாவும் வந்தார். அவருக்கு ஒரு லாரியில் பங்கு உண்டு. அதனால் சக்கரம் வைத்த எதுவானாலும் அவரிடம் கேட்காமல் அப்பா செய்யமாட்டார்.

கடைக்காரர் என்னைப் பார்க்கவே இல்லை. மாமாவிடம்தான் கேட்டார். “அம்மணிக்குங்களா? மொபெட்டுங்களா?”

“மோட்டார் சைக்கிளுங்க. நான்தான் ஓட்டறேன்” என்றேன்.

“அப்படிங்களா” என்று மாமாவிடமே சொன்னார்.

விளக்கைச் சுற்றி மூடும் ஃபைபர் டூம்கள், போலீஸ் வண்டிக்கு மாட்டுவதுபோன்ற நெடிய கண்ணாடிகள், கறுப்பும் பச்சையுமாக நிறமேற்றியவை எல்லாம் வந்தன. மூலையில் ஆணியில் நான் தேடியது தொங்கியது: ஒன்றரைச் சாண் உயரம், லேசான வளைவு, தெளிவான பிளாஸ்டிக். கையைக் காட்டினேன்.

“அதுங்களா? ரேஸ் உடற பசங்க கேப்பாங்க. பொம்பளைப் புள்ளைக்கு அது எதை மறைக்கும்?”

“காத்தை மறைச்சாப் போதுமுங்க.”

மாமா கறுப்புக் கண்ணாடியில் பெரியதாக ஒன்றை எடுத்தார். “ஏறி உக்காரு அம்மணி, பாக்கலாம்.” கடை வாசலில் நிறுத்தியிருந்த என் வண்டியில் உட்கார்ந்தேன். கடைக்காரர் அதை எனக்கு முன்னால் பிடித்துக்கொண்டார். மாமா தெருவுக்குப் போய், வேட்டியை மடித்துக் கட்டிக் குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“மொகம் மறையுது. கழுத்துக்குக் கீழ தெரியுதே.”

“இப்பங்க?” கடைக்காரர் கண்ணாடியை இறக்கினார்.

“இப்ப மொகம் தெரியுது. ரெண்டும் மறையற மாதிரி இல்லீங்களா?”

பக்கத்து டீக்கடையிலிருந்து ஒருவர் டம்ளரோடு வந்து மாமாவுக்கு அருகில் குந்தினார். “இன்னும் ஒரு சாண் சேத்துப் போடுங்கோ. நடு மட்டுந் தெரியுது” என்றார்.

என் நடுவைப் பற்றி ஒரு தெரு பேசுகிறது. நான் வண்டியிலிருந்து இறங்கிவிட்டேன். பஸ்ஸிலிருந்து விழுந்த எச்சிலைத் தண்ணீர் ஊற்றிக் கழுவ முடிந்தது. அந்த மூன்று ஜோடிக் கண்களை எதைக் கொண்டு கழுவுவது?

“மாமா, எனக்கு அந்தச் சின்னது போதுமுங்க. என் சம்பளத்துல வாங்கிக்கறேன்.”

“உங்கப்பன் என்னைய நம்பியல்லோ உட்டிருக்கறான்? இங்க ஒண்ணும் வேண்டாம். நாமக்கல்லுல நம்ம லாரிக்குப் பாடி கட்டற பட்டறை இருக்குது. சொல்லிச் செஞ்சு, மாமன் சீரா மாட்டி உடறேன்.” கடைக்காரரைப் பார்த்துத் திரும்பினார். “தாய்மாமன் இருக்கறப்ப புள்ள காசு குடுத்து வாங்குனா நாலு பேரு என்னங்க சொல்லுவாங்க?”

மாமன் சீர் என்று சொல்லிவிட்டால் எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் பேச்சில்லை. வேண்டாம் என்றால் உறவையே வேண்டாம் என்றதாகிவிடும். “சீரைத் திருப்பக் கூடாது சாமி” என்றார் அப்பா. அம்மாவுக்கு ஒரே பெருமை. “எங்கண்ணன் மாதிரி எவன் செய்வான்?” வண்டி நாமக்கல் போனது.

திரும்பி வந்தது என் வண்டியா, லாரிக்குப் பிறந்த குட்டியா என்று தெரியவில்லை. இரும்புச் சட்டம் அடித்து, பஸ் ஜன்னலுக்குப் போடும் கனமான பச்சை நிறப் பிளாஸ்டிக்கைக் கைப்பிடியோடு சேர்த்து முறுக்கியிருந்தார்கள். நான் உட்கார்ந்தால் உச்சந்தலைகூட வெளியே தெரியாது. பச்சை வழியாகப் பார்த்தால் எங்கள் வீடு குட்டைத் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடப்பதுபோல் இருந்தது. இரண்டு ஓரத்திலும் தாமரைப் பூ. மேலே, லாரி நெற்றியில் எழுதுவதுபோல, நிழல் விழுந்த தடித்த வெள்ளை எழுத்தில் ஒரு பெயர்.

அது மாமாவின் மகனுடைய பெயர்.

எங்கள் பக்கத்து லாரிகளில் முதலாளிகள் பிள்ளைகளின் பெயரை எழுதுவார்கள். எந்த லாரி எந்த வீட்டுச் சொத்து என்று அதைப் பார்த்துத்தான் ஊர் அறியும். மாமன் மகன் எனக்கு முறை மாப்பிள்ளை. அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு நான் சாலையில் போனால் அதற்கு என்ன அர்த்தம் என்று படிக்காதவர்களுக்கும் தெரியும்.

“இது எதுக்குங்க மாமா?”

“நெத்தியில பேரில்லாம வண்டி எங்காச்சும் உண்டா? என்ற பையன் பேரு எழுதாம வேற எவன் பேர எழுதறது?” சிரித்தார். “பங்குனி போகட்டும். வைகாசியில மத்ததெல்லாம் பேசிக்கலாம்.”

அப்பா தரையைப் பார்த்தார். என்னிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. மாமா கிளம்பியதும் மண்ணெண்ணெய் பாட்டிலையும் துணியையும் எடுத்தேன். அம்மா ஓடிவந்து பிடுங்கினாள். “எழுதுன பேர அழிச்சா அவன் ஆயுசுக்கு ஆகாதுடி! பாவி!”

மறுநாள் வேறு வழியில்லாமல் அதையே ஓட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். என் வகுப்புப் பிள்ளைகள் வண்டியைச் சூழ்ந்துகொண்டு அந்தப் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். நான் சொல்லிக்கொடுத்த எழுத்துகள். கூட்டிப் படித்து முடித்ததும் ஒரே குரலாகக் கத்தினார்கள். தலைமையாசிரியர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். “சொல்லவே இல்லையே டீச்சர். சாப்பாடு எப்போ?” துப்பியவனைக் கண்டிக்கத் திறக்காத வாய் அவருக்கு அன்று நன்றாகத் திறந்தது. எனக்கு வாயெல்லாம் கசந்தது.

மாலையில் திரும்பும்போது ஜவ்வரிசி ஆலை தாண்டும் இடத்தில் எதிரே கிழங்கு லாரி ஒன்று வேகமாக வந்து கடந்தது. அது கிளப்பிய காற்று அந்தப் பெரிய கண்ணாடியில் மோதி, கைப்பிடியை என் கையிலிருந்து பிடுங்கித் திருப்பியது. வண்டி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் போனோம். நான் விழுந்தது ஆலைக் கழிவுநீர் வாய்க்காலில். வெண்மையும் சாம்பலும் கலந்த நீர், வாரக்கணக்கில் புளித்தது. இடுப்புவரை அதில் நின்றேன். வாய்க்குள்ளும் போயிருந்தது. அந்த நாற்றத்துக்கு அழுகிய முட்டையைச் சொன்னால் முட்டைக்கு மரியாதை செய்ததாகும்.

கிழங்குத் தோல் சீவும் பெண்கள் ஓடிவந்து தூக்கிவிட்டு, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். ஆலை ஆட்கள் வண்டியை நிமிர்த்தினார்கள். கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. ஒருவர் பெயரைப் படித்தார்.

“அட, இது நம்ம லாரிக்காரரு பையன் வண்டியல்லோ? பக்கத்து ஊருதானே? போய்க் கூட்டியா.”

“இது என் வண்டிங்க” என்றேன்.

“ஆமாங்க அம்மணி, உங்களுதுதான். அவரு வந்தா பாத்துக்குவாரு.”

மாமன் மகன் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வந்து இறங்கினான். மூக்கைப் பொத்திக்கொண்டான். “உங்க ஊட்டுக்காரரே வந்துட்டாருங்க” என்று ஒரு பெண் ஆறுதலாகச் சொன்னாள். சாவியை என்னிடம் யாரும் கொடுக்கவில்லை, அவனிடம் கொடுத்தார்கள். பெயர் இருக்கிறதே! அதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

“இந்த நாத்தத்தோட வண்டியில ஏறாத புள்ள. பஸ்ஸுல போ” என்று சொல்லிவிட்டு அவன் என் வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனான்.

பஸ்ஸில் கண்டக்டர் என்னைப் படிக்கட்டைத் தாண்டி உள்ளே விடவில்லை. பெண்கள் முந்தானையால் மூக்கை மூடினார்கள். ஜன்னலோரம் ஒருவர் வெற்றிலை மென்றுகொண்டு, முகத்தைச் சுளித்து, “என்ன அசிங்கம்” என்றார். சொல்லிவிட்டு வெளியே தலையை நீட்டித் துப்பினார்.

வீட்டில் அம்மா வெந்நீர் ஊற்றினாள். அப்பா, “வண்டி அவங்க ஊட்டுலயே இருக்கட்டும். கொஞ்ச நாளைக்கு லீவு போடு சாமி” என்றார். கொஞ்ச நாள் என்பது எது வரைக்கும் என்று எனக்குத் தெரியும். வைகாசி வரைக்கும்.

விடிந்தது சனிக்கிழமை. அண்ணனின் ஸ்பேனர்களைப் பையில் போட்டுக்கொண்டு மாமா ஊருக்கு பஸ் ஏறினேன்.

மாமன் மகன் என் வண்டி மேல் உட்கார்ந்து, பக்கக் கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பி வைத்துத் தலை சீவிக்கொண்டிருந்தான். கைப்பிடியின் இரண்டு பக்கமும் புதிதாகக் குஞ்சம் தொங்கியது.

“நீ ஏன் புள்ள வந்தே? நானே காலையில கூட்டிப்போயி எறக்கி உட்டு, சாயந்திரம் கூட்டியாறேன். பின்னால உக்காந்துக்கோ. பொம்பளைக்கு எதுக்குக் கண்ணாடி? என்ற முதுகு போதாதா?”

அவன் முதுகைப் பார்த்தேன். சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. ஆயுள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டு போவதற்கு ஈயே மேல்.

“எறங்கு” என்றேன். என் குரலைக் கேட்டு இறங்கிவிட்டான். குந்தி உட்கார்ந்து முதல் போல்ட்டில் ஸ்பேனரை வைத்தேன். மாமா உள்ளிருந்து வந்தார். அத்தை வாசற்படியில் நின்றாள்.

“என்ன அம்மணி பண்றே? மாமன் சீரு அது!”

“தெரியுமுங்க.”

“பேர அழிச்சா நல்லாருக்காது, சொல்லிப் போட்டேன்!”

“ஒரு எழுத்துக்கூட அழிக்கலீங்க மாமா. முழுசா உங்க ஊட்டுலயே இருக்கட்டும்.”

பட்டறைக்காரர்கள் லாரிக்கு முறுக்குவதுபோல் முறுக்கியிருந்தார்கள். உள்ளங்கைத் தோல் உரிந்தது. உதவ யாரும் வரவில்லை, நான் கேட்கவும் இல்லை. கடைசி போல்ட் வந்ததும் சட்டத்தோடு அதைத் தூக்கி மாட்டுக்கொட்டகைச் சுவரில் சாத்தினேன். எருமை ஒன்று வந்து தாமரையை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. குஞ்சங்களையும் கழற்றி அவன் கையில் கொடுத்தேன். சாவிக்குக் கையை நீட்டினேன். பிறகு மாமாவுக்கு நேராக நின்று, சொல்ல வேண்டியதை இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டு வண்டியை உதைத்தேன்.

நேராகச் சேலம். முன்னால் ஒன்றுமில்லாமல், ஈக்களை வாங்கிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி ஓட்டினேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். யாரும் வரவில்லை என்றதும் வேறு வழியில்லாமல் என்னிடம் பேசினார்.

“அந்தச் சின்னதுங்களா?”

“அதேதானுங்க. சாய்ச்சு மாட்டோணும். நான் சொல்ற எடத்துல துளை போடுங்க.”

“பேரு ஏதாச்சும் எழுதி…”

“ஒரு எழுத்தும் வேண்டாம்.”

மாட்டி முடித்துத் திரும்பும் வழியில் கோழிப்பண்ணைகளைக் கடந்தபோது ஈக்கள் வந்து கண்ணாடியில் பட்பட்டென்று மோதின. பிளாஸ்டிக்கில் வழிந்த மஞ்சள் கோடுகளைப் பார்க்க அருவருப்பாகத்தான் இருந்தது. ஆனால் அவை என் பல்லில் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது அப்பா வாசலில் நின்றிருந்தார். வண்டியைச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார்.

“கண்ணாடி ரொம்பச் சின்னதா இருக்குதே சாமி.”

“போதுமுங்கப்பா.”

“திங்கக்கெழம போறியா?”

“போறேனுங்க.”

துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அம்மா உள்ளே இருக்கிறாளா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். “உங்க மாமன் வைகாசி வைகாசின்னு எல்லார்த்துகிட்டயும் சொல்லீட்டுத் திரியறாரே. நான் போயி அவருகிட்ட என்னன்னு சொல்லுவேன்? எந்த மொகத்தை வெச்சுக்கிட்டுச் சொல்லுவேன்?”

“நீங்க போவ வேண்டாமுங்கப்பா. ‘உங்க பையனைக் கட்டிக்க மாட்டேன்’னு அவருகிட்டயே சொல்லிட்டுத்தான் சேலத்துக்குப் போனேன்.”